ஸ்பாஜாவைக் கொதிக்க வைத்தவள்

பறிக்காதே என்றாள், அதனால்தான் பறிக்கிறேன். காலையில் மாரோ போனில் சொன்னது அதுதான், அந்தக் களையை இனி வீட்டுக்குள் கொண்டுவராதே லீலா, நாலு மணிக்கு வருகிறேன், ஒரு காகிதம் இருக்கிறது, சின்னக் கையெழுத்துத்தான். இல்லாவிட்டால் இந்த மே மாத வெயிலில் கூடையும் கையுமாக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி நிற்க எனக்கென்ன தலையெழுத்து, இதைக் குடிக்கிற சவ்வாஸ் கிழவனார், அவளுடைய அப்பா, எட்டு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், தண்ணீர் கொதிக்கிற கேத்தல் கவிழ்த்தபடியே கிடக்கிறது. களையாம். இந்தச் சைப்ரஸ் மலையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், யாரும் நடாமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாக நிற்கிற செடி, ஸ்பாஜா என்பார்கள், சாம்பல் நிற இலை, தொட்டால் கன்றுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருக்கும், கசக்கினால் கற்பூரவள்ளியும் விபூதியும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். இருமலா ஸ்பாஜா, வயிற்றுவலியா ஸ்பாஜா, தூக்கம் வரவில்லையா, கால் குடைகிறதா, லண்டனில் இருக்கிற மகன் போன் எடுக்கவில்லையா, எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பை ஸ்பாஜா. மாரோவின் செத்துப்போன அம்மா இதைக் கட்டுக் கட்டாகச் சமையலறை உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தாளாம், ஆணிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன, மாரோ இதைக் குடித்துத்தான் வளர்ந்தாள். அம்மா பறித்தால் மருந்து. நான் பறித்தால் களை. இருக்கட்டும், களையையே பறிக்கிறேன்.

காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள், அதைத்தான் காலையிலிருந்து மென்று கொண்டிருக்கிறேன், நான் ஓ.எல். வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினால் வந்துவிடும். புஷ்பலீலா ராமையா ஆகிய நான், குடும்பத்தாருக்குத் தெரியாமல், ஒரு காட்டுச் செடியைத் திரு சவ்வாஸுக்குத் தொடர்ந்து கொடுத்து வந்தேன், அதனால் அவர் மயங்கி விழுந்தார். தெரியாமல். அந்த ஒரு சொல்லில் போய்ப் போய் முட்டுகிறேன். யாருக்குத் தெரியாமல்? வீடெல்லாம் மணக்கிறதே, வாசல்படி ஏறும்போதே மூக்கைச் சுருக்குவாயே மாரோ, அப்பா இன்னும் இந்தப் பழக்கத்தை விடவில்லையா என்று சிரிப்பாயே. என் விரல்கள் தம் பாட்டுக்குப் பறிக்கின்றன, நான் பார்க்க வேண்டியதே இல்லை, ரெண்டு இலையும் ஒரு கொழுந்தும், ரெண்டு இலையும் ஒரு கொழுந்தும், பதினாறு வயதிலிருந்து எங்கள் ஊர் ஹட்டன் பக்கம் தேயிலை மலையில் பழகிய விரல்கள், கடல் தாண்டி வந்தும் திருந்தவில்லை. வந்த முதல் வருஷம் இதனால்தான் ஊரே சிரித்தது. ஸ்பாஜா கொண்டு வா என்று கிழவனார் அனுப்பினார், நான் போய் மேடு முழுக்கச் செடிக்குச் செடி நுனிக் கொழுந்தாகக் கிள்ளிக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து நிற்கிறேன். இங்கே அப்படிப் பறிக்க மாட்டார்கள், பூ விட்ட பிறகு காம்போடு கத்தரிக்கோலால் வெட்டிக் கட்டாகக் கட்டி நிழலில் காயப்போட வேண்டும். அந்த வருஷம் எங்கள் மேட்டில் ஸ்பாஜா பூக்கவே இல்லை, எல்லாச் செடியும் தலை வெட்டிய மாதிரி மட்டமாக நின்றது, தேயிலைச் செடி மாதிரியே நின்றது, பக்கத்து வீட்டுக்காரி தன் வேலியில் வந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அந்த மட்டமான செடிகளைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு சின்னத் திமிரும் வந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதோடு விட்டேனா, அதைக் கொதிக்க வேறு வைத்தேன். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்குத் தெரிந்த தேத்தண்ணி அதுதான், தூளைக் கேத்தலில் போட்டுக் கறுக்கக் கறுக்கக் கொதிக்க வைப்பது, நல்ல தேயிலையெல்லாம் கப்பலேறிவிடும், எங்களுக்குக் கிடைப்பது குப்பைத் தூள், கொதித்தால்தான் சாயம் இறங்கும். ஸ்பாஜாவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் போதும், மஞ்சளாக இறங்கும். நான் கால் மணி நேரம் கொதிக்க வைத்துக் கறுப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவனார் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊர் பஸ்ஸை ஓட்டிய மனுஷர், பேச்செல்லாம் ரோட்டுப் பேச்சுத்தான். இந்த மூன்று வருஷத்தில் இவர்கள் பேச்சு எனக்குள் ஏறிவிட்டது, காதுக்குள் கிரேக்கமாகப் போய் நெஞ்சுக்குள் எங்கள் தோட்டத்துத் தமிழாக இறங்கிவிடும். "ஏம்மா, இத ஊத்தி நம்ம வளைவுக்கெல்லாம் தார் போடலாம் போல இருக்கே" என்றார். நான் கோப்பையை எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "வை. இன்னொரு கோப்பை எடு. உக்காரு. நீயும் குடி. நான் செத்தா நீயும் சாகணுமா இல்லியா?" எனக்கு உட்காரப் பயம். வேலைக்கு வந்த முதல் நாளே மாரோ சொல்லியிருந்தாள், உன் கோப்பை வேறு, உன் சாப்பாடு சமையலறையில், அவர் முடித்த பிறகு. அவர் விடவில்லை. நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், மூன்று வருஷம், காலை ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, ஒரே கேத்தல், ரெண்டு கோப்பை, மாரோவின் கார்ச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நின்று என் கோப்பையைக் கழுவி வைத்துவிடுவேன். அவருக்குக் காது பஸ்காரக் காது, கார் எந்த வளைவில் வருகிறது என்று நாற்காலியில் இருந்தபடியே சொல்வார், இப்ப பம்பு வளைவு, இப்ப அத்திமரம், இப்ப பாதிரி விழுந்த வளைவு, எழும்பு லீலா எழும்பு, கோப்பையக் கழுவு.

மூன்று வருஷம் ஒன்றும் ஆகாத இலை போன வியாழக்கிழமை மட்டும் என்ன செய்துவிட்டது. செய்யவில்லை. செய்திருக்குமோ. இதுதான், இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் வந்து நிற்கிறேன், பூவில்லாத கொழுந்து, கொதிக்க வைத்த சாறு, நுனியில்தான் வீரியம் என்பார்கள், ஒருவேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒருவேளை வயசான உடம்பு, நான் நாற்பத்தொரு வயசுக்காரி, மலை ஏறி இறங்குகிறவள், எனக்கு ஒன்றும் ஆகாதது அவருக்கு ஆகுமோ. சமையலறைத் தரையில் அவர் கிடந்த விதம், சட்டையெல்லாம் வேர்வை, உதடு நீலம், லீலா லீலா என்று கூப்பிட வாய் வராமல் அசைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்ததும் கேட்டார், ரத்தத்தில் சீனி தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது, வேறு ஏதாவது கொடுத்தீர்களா? நான் வாயைத் திறப்பதற்குள் மாரோ சொல்லிவிட்டாள், இந்தப் பெண் ஏதோ செடியை அவித்து அவித்துக் கொடுக்கிறாள் என்று. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன், ஏன் அப்போதே சொல்லவில்லை, ஏப்ரன் பையில் அந்தப் பெட்டி இருந்தது, இப்போதும் இருக்கிறது, நடக்க நடக்கத் தொடையில் கிலுகிலுவென்று தட்டிக்கொண்டு. ஏழு நாளுக்கு ஏழு மூடி போட்ட மாத்திரைப் பெட்டி. மூன்று வருஷம் அதை நிரப்பியவள் நான். ஈஸ்டருக்கு வந்தபோது மாரோ வாங்கிக்கொண்டாள், டவுன் டாக்டர் புதுச் சீனி மாத்திரை எழுதியிருக்கிறார், பழையதை மாற்றிவிட்டார், இனி இது என் பொறுப்பு என்றாள். அவர் விழுந்த வாரம் அவள் நிரப்பிக் கொடுத்த பெட்டியில் திங்கட்கிழமை மூடியைத் திறந்தால் உள்ளே பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது.

பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் விஷயம். போன் பண்ணினேன், மேடம், ரெண்டு சீனி மாத்திரை இருக்கு, பழசும் கிடக்கு. அவள் எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள், பின்னால் ஹாரன் சத்தம். "எங்கப்பா மருந்து எனக்குத் தெரியும். நீ தரையப் பாரு" என்றாள். சரி மேடம் என்றேன். திங்கள் கொடுத்தேன். செவ்வாய் கொடுத்தேன். புதன் காலை அவர், தலை ஒரு மாதிரியா இருக்கு லீலா, பஸ் பின்னால போற மாதிரி இருக்கு என்றார், அன்றைக்கும் கொடுத்தேன். வியாழன் கொடுத்தேன், ஸ்பாஜாவோடுதான் கொடுத்தேன், அந்தக் கறுப்புச் சாயத்தில்தான் அந்த ரெண்டு மாத்திரையும் இறங்கியது. அப்படியென்றால் இலை இல்லை. இலை இல்லை, இலை இல்லை, ஆனால் கை என் கைதான். மாரோ போட்டாள், நான் கொடுத்தேன். ஒரு சரி மேடத்துக்குள் அவருடைய உயிர் ஊசலாடிவிட்டது. இதை அவள் காகிதத்தில் எழுதவில்லையே, நான் செய்யாததை எழுதியிருக்கிறாள், நான் செய்ததை எழுதவில்லை, அதுதான் எனக்கு இந்த அளவுக்கு எரிகிறது.

அதோ கார். கீழே பம்பு வளைவில் வெள்ளையாக ஒரு மின்னல், மறைந்துவிட்டது. இனி ஆறு வளைவு. இறங்க வேண்டும், இறங்குகிறேன், இன்னும் ஒரு செடி, இதோ இந்தச் செடி, மூன்று வருஷமாக நான் கிள்ளிக் கிள்ளி மேசை மாதிரி ஆகிவிட்டது, ஊரில் என்றால் மேலே மட்டக்கம்பு வைத்துப் பார்க்கலாம், ஒரு கொழுந்து தூக்கி நிற்காது. பயமாக இல்லையா என்றால் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரம் பிளேன், பேரில் ஒரு கறை, இன்னொரு நாட்டில் இன்னொரு வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள். போடாவிட்டால் போலீஸ் என்பாள். தர்ஷிகா ஏ.எல். எழுதுகிற வருஷம் இது, நேற்றுக்கூடக் கேட்டாள், அம்மா உங்க பாப்பூவுக்குச் சுகமா என்று, தாத்தாவை இங்கே பாப்பூ என்பார்கள், என் மகள் பார்க்காத கிழவனாருக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நான் என்னவென்று சொல்வது, நஞ்சு கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றா. சின்னக் கையெழுத்துத்தான். இந்தக் குரலை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன், வேறு பாஷையில், வேறு வாயில்.

சும்மா ஒரு கைநாட்டு ஆத்தா. தோட்டத்து ஆபீஸ், எனக்குப் பன்னிரண்டு வயது, அம்மாவின் வலது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில். மழையில் கொழுந்து எடுக்கும்போது சரிவில் வழுக்கிக் கூடையோடு உருண்டுவிட்டாள், முழங்கைக்குக் கீழே எலும்பு ரெண்டாகிவிட்டது. கணக்கப்பிள்ளை ஒரு காகிதத்தை நீட்டினார், அம்மா அதை இடது கையால் வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி நின்றாள், எதற்கு அப்படி நின்றாள், தெரியாது என்று சொன்னால் என்ன, வெட்கம். அவர் சிரித்துக்கொண்டே அதை வாங்கி நேராகத் திருப்பிக் கொடுத்தார், பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நேராகத் திருப்பியபோது நான் பார்த்தேன். வூட் என்று ஒரு சொல். வூட் என்றால் விறகு, ஆறாம் வகுப்பில் படித்திருந்தேன். விறகு பொறுக்கப் போய் விழுந்தாள் என்று எழுதியிருந்தார்கள், வேலையில் விழவில்லை, தோட்டத்துக்குப் பொறுப்பில்லை. எனக்குப் புரிந்தது. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுக்க வேண்டும், அம்மா வேணாம் என்று ஒரு வார்த்தை, நான் கணக்கப்பிள்ளை காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா இடது பெருவிரலை மையில் அமுக்கி வைத்தாள். உடைந்த கை அதற்குப் பிறகு கூடை தூக்கவே இல்லை. அம்மா சாகிற வரைக்கும் நான் அந்தச் சொல்லை அவளிடம் சொல்லவில்லை. ஒரு தடவை தரையைப் பார்த்தேன், டாக்டர் முன்னால் ரெண்டாவது தடவை. மூன்றாவது தடவை பார்க்க எனக்கு இனிக் கழுத்து வளையாது, வளைய விட மாட்டேன்.

அத்திமர வளைவு தாண்டிவிட்டாள். மெதுவாகத்தான் வருகிறாள், அவளும் பயந்துதான் வருகிறாள், அது எனக்குத் தெரியும். கெட்டவள் இல்லை. அப்பா விழுந்த அன்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள், அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், லண்டன் அண்ணன் தினமும் போனில் யார் செய்தது யார் செய்தது என்று குடைகிறானாம். பெட்டியை நிரப்பியது யார் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும், எல்லாருக்கும் முன்னால் அதைச் சொல்ல வாய் வராது. பாவம்தான். ஆனால் உன் பாவத்தை நீ சும, என் பாவத்தை நான் சுமக்கிறேன், ரெண்டையும் என் தலையில் வைத்துவிட்டு நீ கையை வீசிக்கொண்டு போக முடியாது. தேனீப் பெட்டி வளைவு. சமையலறைக்குள் வந்துவிட்டேன், கேத்தலை நிமிர்த்துகிறேன், தண்ணீர், அடுப்பு, பறித்த இலை அத்தனையும் பச்சையாகவே உள்ளே, கொதி, நன்றாகக் கொதி, கறுக்கிற வரைக்கும் கொதி. வீடெல்லாம் வாசம் ஏறுகிறது. எட்டு நாளாகச் செத்துக் கிடந்த வீடு இது. ஆட்டுப்பட்டி வளைவு. எழும்பு லீலா, கோப்பையக் கழுவு. கழுவ மாட்டேன் ஐயா. ரெண்டு கோப்பையையும் எடுத்து மேசையில் வைக்கிறேன், என் நாற்காலியை இழுத்து, அவர் முதல் நாள் காலால் தள்ளிவிட்ட அதே நாற்காலியில், உட்கார்ந்துகொள்கிறேன்.

ஏழாவது வளைவு, எங்கள் வாசல், கார்க் கதவு. மாரோ உள்ளே வருகிறாள், கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது, மூக்கைச் சுருக்குகிறாள். "சொன்னேனா இல்லியா, கொண்டு வராதேன்னு?" நான் எழுந்திருக்கவில்லை. அவள் அதைத்தான் முதலில் பார்க்கிறாள், இலையைக் கூட இல்லை, நான் உட்கார்ந்திருப்பதை. காகிதத்தையும் பேனாவையும் மேசையில் வைக்கிறாள். "சின்னக் கையெழுத்து லீலா. யாரும் உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாங்க." நான் ரெண்டு கோப்பையிலும் ஊற்றுகிறேன், ஒன்றை அவள் பக்கம் தள்ளுகிறேன், மற்றதை எடுத்துக் குடிக்கிறேன், நாக்கு பொசுங்குகிறது, நிறுத்தாமல் குடிக்கிறேன், அடி வரைக்கும். "இதுதான் நான் குடுத்தது மேடம். மூணு வருசமா, காலையில ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு, அவரு குடிச்ச அதே கேத்தல்லருந்து நானும் குடிச்சேன். நான் விழல." அவள் கோப்பையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். "அவரோட மேசையிலயா? உக்காந்தா?" பாருங்கள், இவ்வளவு நடந்த பிறகும் அவள் மனசு போய் இடறுகிற இடம் அது. சிரிப்பு வந்துவிடும் போல இருக்கிறது. "ஆமா. உக்காந்துதான். உங்க அப்பா சொல்லி."

ஏப்ரன் பையிலிருந்து பெட்டியை எடுத்து அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். "வெள்ளி, சனி, ஞாயிறு. மூணும் நீங்க நிரப்புன மாதிரியே இருக்கு. நான் தொடல." அவள் தொடவில்லை முதலில். பிறகு வெள்ளிக்கிழமை மூடியைத் திறக்கிறாள். சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையைத் திறக்காமலே விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அப்படியே எதிரே உட்காருகிறாள். பேனாவை எடுக்கிறேன், காகிதத்தைத் திருப்புகிறேன், பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, தமிழில் எழுதுகிறேன், பெரிய எழுத்தில், தர்ஷிகாவுக்கு முதன்முதலில் எழுதிக் காட்டிய மாதிரி. பெட்டியில் பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் இருந்தன. பார்த்தேன். மாரோ மேடத்திடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தப்பு என்று தெரிந்தும் நாலு நாள் நான் கொடுத்தேன். இலையின் மேல் பழி இல்லை. கீழே புஷ்பலீலா ராமையா, ஓர் எழுத்தும் குறையாமல். இந்த நாட்டில் எல்லாருக்கும் நான் லீலாதான், முழுப்பெயரை எழுதி எவ்வளவு நாளாயிற்று, புஷ்பலீலாவில் புள்ளி எங்கே வரும் என்று ஒரு கணம் யோசித்துத்தான் வைத்தேன்.

மாரோ மேசைக்கு மேலாகக் கையை நீட்டிக் காகிதத்தை எடுக்கிறாள். "என்ன எழுதியிருக்க?" என்று கேட்கிறாள். "ஐயாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவரு முன்னால, அந்த டாக்டர் முன்னால, வரிக்கு வரி வாசிச்சுச் சொல்றேன். பொறகு போலீஸக் கூப்பிடுறதுன்னா கூப்பிடுங்க, பிளேன் ஏத்துறதுன்னா ஏத்துங்க." என் எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, ஏதாவது ஒன்று புரிந்துவிடாதா என்று உதடு அசைகிறது, மேசைக்கு இந்தப் பக்கமிருந்து எடுத்த காகிதத்தை எடுத்தபடியே, தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து அவள் பக்கம் போகிறேன், காகிதத்தை வாங்கி நேராகத் திருப்பி மறுபடி அவள் கையில் வைக்கிறேன்.

"இப்படிப் பிடிக்கணும் மேடம்."